மூலையில் கொஞ்சம் மஞ்சள்

காலை பத்தரைக்கு ஒரு பழைய தோழியிடமிருந்து வாட்ஸ்அப்பில் "ஹாய்" வந்தது. பதினொன்றேகாலுக்கு "பிஸியா?" பன்னிரண்டுக்கு "ஒரு விஷயம் பேசணும்." அதற்குள் என் மனது அவள் வீட்டில் யார் யாருக்கு என்னென்ன வியாதி என்று ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. பதறிப்போய்க் கூப்பிட்டால், நான் சுண்டைவத்தல் எந்தக் கடையில் வாங்குகிறேன் என்று தெரிய வேண்டுமாம்.

சுண்டைவத்தல் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம்.

நான் பிறந்த வீட்டில், வந்த தபாலைப் பிரிக்கும் முன்பே பாதி சங்கதி தெரிந்துவிடும். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, ஏதோ ஒன்று. ஓரத்தில் கறுப்பு இருந்தால் கருமாதி. அதை வாசலில் நின்றே படிக்கச் சொல்லிக் கேட்டு, கிழித்துப் போட்டுவிட்டுத்தான் ஆச்சி உள்ளே வருவாள். இன்லண்ட் லெட்டர் என்றால் சித்தி. ஒட்டுகிற மடிப்பில்கூட இடம் விடாமல் எழுதியிருப்பாள். பிரிக்கிற அவசரத்தில் முக்கியமான வரிதான் கிழியும். தந்தி என்றால் படிக்கவே வேண்டாம், தபால்காரர் சைக்கிளை நிறுத்தும்போதே அழ ஆரம்பித்துவிடலாம். வேலை கிடைத்தாலும் தந்தி வரும், பிள்ளை பிறந்தாலும் வரும் என்பதை ஆச்சி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது எத்தனையோ பேர் உருகி உருகி எழுதினார்கள். ஆச்சி இருந்திருந்தால் சர்க்கரைப் பொங்கல் வைத்திருப்பாள்.

போன் மணிக்கு இந்த மஞ்சளும் கிடையாது, கறுப்பும் கிடையாது. சாவுக்கும் சுண்டைவத்தலுக்கும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. எனக்கு அதன்மேல் இருக்கிற கோபமே அதுதான். பேசப் பிடிக்காதவள் என்று சொந்தத்தில் ஒரு பெயர் எனக்கு உண்டு. அது பொய். என்ன பேசப்போகிறோம் என்று தெரியாமல் எடுக்கப் பிடிக்காதவள், அவ்வளவுதான்.

முன்பு பி.பி. நம்பர் என்று ஒன்று இருந்தது. எதிர்வீட்டு போன் எண்ணை நம் விலாசத்தோடு சேர்த்துக் கொடுத்துவைப்போம். கூப்பிடுகிறவர் முதலில் அந்த வீட்டு மாமியிடம் தான் யார், என்ன விவரம் என்று சொல்லியாக வேண்டும். மாமி மாடியிலிருந்து, "மெட்ராஸ்லேர்ந்து உங்க மாமா! ஏதோ வரன் விஷயமாம்!" என்று தெருவுக்கே கேட்கக் கூவுவாள். மானம் போகும், ஆனால் விஷயம் தெரிந்த பிறகுதான் ரிசீவரை எடுப்போம். செல்போன் வந்த புதிதில் நமக்கு வருகிற அழைப்புக்கும் நம்மிடமே காசு பிடித்தார்கள். 2003-இல்தான் அது இலவசமானது. காசுக்குப் பயந்து நம்மவர்கள் கண்டுபிடித்த மிஸ்டு கால் பாஷையை இன்றைக்கும் மெச்சுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு ரிங் என்றால் பஸ் ஏறியாச்சு, இரண்டு ரிங் என்றால் போய்ச் சேர்ந்தாச்சு. மூன்றாவதும் அடித்தால்தான் எடுக்க வேண்டும்.

அரசாங்கத்துக்கும் இந்த மஞ்சள் யோசனை வந்திருக்கிறது போல. விளம்பரத்துக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு 140 என்று தொடங்கும் எண்கள், வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று பிரித்திருக்கிறார்கள். என்ன செய்ய, எனக்குக் கடன் தரத் துடிக்கிற புண்ணியவான்கள் பலரும் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்துதான் அழைக்கிறார்கள். அவர்களுக்குப் பயந்து தெரியாத எண் எதையும் எடுக்காமலும் இருக்க முடியாது. பார்சல் கொண்டுவருகிற பையன் வெயிலில் நின்றுகொண்டு, "அக்கா, பிள்ளையார் கோயில்கிட்ட நிக்கிறேன், லெஃப்டா ரைட்டா?" என்று கேட்பதும் தெரியாத எண்ணிலிருந்துதானே. அவன் ஒருவன்தான் எனக்குப் பிடித்த மாதிரி பேசுகிறான்.

வாய்ஸ் மெசேஜ் பற்றி எழுத ஆரம்பித்தால் பத்தி தாங்காது. நாலு நிமிஷம் ஓடும். அதில் மூன்று நிமிஷம் குக்கர் விசில். நடுவில் ஒரு தேதி வரும். அந்தத் தேதிக்காக மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.

கார்டு எழுதுகிறவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் எனக்கு உண்டு. வல்லிக்கண்ணன் இளம் எழுத்தாளர்களுக்குக் கார்டு எழுதியே ஒரு தலைமுறையை வளர்த்தார் என்பார்கள். அந்தச் சின்ன அட்டையில் "ஹாய்" என்று மட்டும் எழுதி யாரும் தபால்பெட்டியில் போடமாட்டார்கள். 50 காசானாலும் காசு.

இவ்வளவு சட்டம் பேசுகிற நான் ஒரு விஷயத்தில் மட்டும் நேர் எதிர். போன வருஷம் பெரியம்மா தவறியதை ஒருவர் குடும்பக் குழுவில் போட்டார். மேலே ஒரு ரோஜாப்பூ காலை வணக்கம், கீழே யாரோ ஏற்றிய ஆடித் தள்ளுபடி விளம்பரம், நடுவில் பெரியம்மா. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் பார்த்தேன். மூன்று மணிக்கே எடுத்துவிட்டார்களாம். அந்தச் செய்திக்குக் கீழே அண்ணன் மகன் ஒருவன் கட்டைவிரலை உயர்த்தியிருந்தான்; பார்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான், பாவம். "எல்லாருக்கும்தான் மெசேஜ் போட்டோமே, நீதான் பார்க்கலை" என்றார்கள். சாவுக்குக் கூப்பிடுங்கள். நடுராத்திரி ஆனாலும் சரி, எடுக்கிறவரை அடியுங்கள்.

இதையெல்லாம் நாத்தனாரிடம் சொன்னபோது, "அப்போ சாவு விழுந்தாத்தான் உங்களுக்குப் போன் பண்ணணும். மத்ததுக்கெல்லாம் மனு எழுதிப் போடணும். அப்படித்தானே மதினி?" என்றாள். அவளுக்குக் கோபம். பத்து நாள் பேச்சில்லை.

நேற்று மத்தியானம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து மெசேஜ். "மதினி, ஒரு விசேஷமும் இல்ல. சும்மாத்தான் பேசணும்."

அடுப்பை அணைத்துவிட்டு நானே கூப்பிட்டேன்.