கலம்காரியின் பின்பக்கத்தையும் காட்டுங்கள்

இணையக் கடைகளில் ‘கலம்காரி’ என்று தேடினால் ஆலையில் ஸ்க்ரீன் பிரிண்ட் போட்ட சேலைகளும் அதே பெயரில் வந்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஸ்ரீகாளஹஸ்தியில் ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து கையால் வரைந்த துணியும் இருக்கும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. விலைதான் பல மடங்கு வேறு. இந்த அநியாயத்தில் துணியைப் படம் பிடிக்கும் முறைக்கும் பங்கு உண்டு.

ஸ்ரீகாளஹஸ்தி, சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய ஊர். தேய்ந்துகொண்டிருந்த கலைக்கு, கைவினைகளை மீட்க உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் அங்கே பயிற்சி மையம் வந்தது. கலம்காரிக் கலைஞர் ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கடுக்காயும் எருமைப்பாலும் சேர்ந்த கரைசலில் துணியை ஊறவைத்துக் காயப்போடுகிறார்கள். இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரில் ‘கலம்’ என்னும் மூங்கில் பேனாவைத் தோய்த்துக் கோடு இழுக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்ததும் கோடு கறுத்துவிடும். படிகாரம் தடவிய இடம்தான் சிவப்பைப் பிடிக்கும். சாயம் நூலுக்குள் இறங்குவதால் கோடு பின்பக்கமும் தெரியும். ஆலைத் துணியின் பிக்மென்ட் அச்சு பெரும்பாலும் மேலோடு நின்றுவிடுவதால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும்.

போஸ்டர், காலண்டர் போன்ற அச்சு வேலைகளை ஸ்டுடியோவில் எடுக்கும் வழக்கம் தெரிந்ததுதான்: இரு பக்கமும் 45 டிகிரியில், சமதூரத்தில் இரண்டு விளக்குகள், நேர் எதிரே கேமரா, நிறம் பிசகாதிருக்க முதலில் சாம்பல் அட்டையோடு ஒரு படம். கலம்காரிக்கும் முதல் படம் இப்படித்தான் வேண்டும். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்தால் ஒரே சிவப்பு இரண்டு சிவப்பாகிவிடும். செல்போனைக் கிட்டே கொண்டுபோய் அகலக் கோணத்தில் எடுத்தால் நேரான கரை வளைந்து தெரியும்.

ஆனால் அதோடு நிறுத்துவதுதான் தவறு. இரு பக்கமும் சமமாக விழும் வெளிச்சம் நெசவின் மேடுபள்ளத்தை மழுக்கிவிடும். ஒரே விளக்கைத் தாழ்த்தி, துணியை உரசுவதுபோலப் பக்கவாட்டில் வைத்து இரண்டாவது படம் எடுக்க வேண்டும். மூன்றாவது படம் பின்பக்கம். நான்காவதாக, கரையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மயில்களை நெருக்கத்தில் எடுக்கலாம். கையால் வரைந்த கண்கள் இரண்டும் ஒன்றுபோல இருப்பதில்லை. கோடும் ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் மெலியும். வாங்குபவர் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தனித்தனியாக உழைக்கும் கலைஞர்கள் ஆளுக்கொரு ஸ்டுடியோ வைக்க முடியாது. லேபாக்ஷி கடைகளை நடத்தும் ஆந்திரக் கைவினைக் கழகம், நல்ல விளக்குகளோடும் ஒரு கேமராவோடும் பொதுவான அறை ஒன்றைக் காளஹஸ்தியில் திறக்கலாம். புவிசார் குறியீடு பெற்ற துணி என்று விற்கும் கடைகளும் பின்பக்கப் படத்தைக் கட்டாயமாக்க வேண்டும்.