கைதி படித்தால் யாருக்கு நட்டம்?

மே மாதத்தில் தேர்வு முடிவுகள் வரும்போது, பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் தேர்ச்சி பெற்ற சிறைக் கைதிகளைப் பற்றி நாளிதழில் ஒரு பத்திச் செய்தி வரும். டீக்கடையில் அதைப் படித்த கையோடு ஒருவர் ஆரம்பிப்பார்: "தப்புத்தண்டாவுக்குப் போகாத நம்ம பிள்ளை ஃபீஸ் கட்ட வழியில்லாம நிக்குது. வெட்டிட்டு உள்ள போனவனுக்கு ஓசியில டிகிரி!" சுற்றியிருப்பவர்கள் ஆமோதிப்பார்கள். கேட்க நியாயம்போல இருக்கும் இந்தப் பேச்சில் கணக்கும் தப்பு, நியாயமும் தப்பு.

இதே பேச்சைச் சட்டமாகவே ஆக்கிப் பார்த்த நாடு அமெரிக்கா. ஏழை மாணவர்களின் கல்லூரிச் செலவுக்கு அங்கே அரசு தரும் உதவித்தொகை பெல் கிராண்ட். கைதிகள் அதை வாங்குவதால் ஏழை மாணவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது என்று கூச்சல் எழுந்தது. 1994-ல் பில் கிளின்டன் கையெழுத்திட்ட குற்றத் தடுப்புச் சட்டம் கைதிகளுக்கு அதை நிறுத்தியது. அரசின் தணிக்கை அமைப்பு அதே ஆண்டில் கணக்கெடுத்தபோது, உதவி பெற்ற சுமார் 40 லட்சம் பேரில் கைதிகள் ஏறத்தாழ 23,000 பேர்தான். தொகையில் அவர்கள் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. தகுதியுள்ள எல்லோருக்கும் கிடைக்கும் உதவி என்பதால், கைதிகளால் எந்த மாணவருக்கும் அது மறுக்கப்படவுமில்லை. ஆனாலும் தடை வந்தது. சிறைகளில் நடந்த கல்லூரி வகுப்புகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன.

2013-ல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சிறையில் படித்தவர்கள் மீண்டும் குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு, படிக்காதவர்களைவிட 43 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. படிக்க வருகிறவன் முன்பே திருந்த நினைத்தவன்தானே என்று கேட்கலாம். சரி, திருந்த நினைப்பவன் முகத்தில் கதவைச் சாத்துவதில் யாருக்கு என்ன லாபம்? தடையை நீக்கும் சட்டம் 2020-ல் நிறைவேறி, 2023 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. 1994-ல் இருபது வயதில் உள்ளே போனவர்கள் அதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே கைதிகள் பெரும்பாலும் தனித்தேர்வர்களாகப் பள்ளித் தேர்வு எழுதுகிறார்கள். மேற்படிப்புக்கு இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள். அங்கே பெரும்பாலான படிப்புகளுக்கு இத்தனை சீட் என்ற வரம்பே கிடையாது. ஆகவே உங்கள் பிள்ளையின் இடத்தை எந்தக் கைதியும் பறிக்கவில்லை.

பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கண்ணீருக்கு என்ன பதில் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குற்றத்துக்கு நீதிமன்றம் தரும் தண்டனை, சுதந்திரத்தைப் பறிப்பது. அத்துடன் எழுதப்படிக்கத் தெரியாமலும் இருக்கக் கடவது என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதுவதில்லை. இளம் கைதிகளுக்கும் எழுத்தறிவு இல்லாதவர்களுக்கும் கல்வி கட்டாயம் என்றே ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளில் 104-ஆவது விதி சொல்கிறது.

அதைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. 2022-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைப்படி, இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. மொத்தக் கைதிகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் 18 முதல் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பத்தாம் வகுப்பை எட்டாதவர்கள். டீக்கடையில் பேசப்படும் 'வெட்டிட்டுப் போனவன்' இந்தக் கூட்டத்தில் சிறுபான்மை.

சிறையில் படித்துப் பெயர் வாங்கியவர் என்றதும் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையில் இருந்த பேரறிவாளன் நினைவுக்கு வருவார். 19 வயதில் உள்ளே போனவர், பிளஸ் டூவில் 1,200-க்கு 1,096 எடுத்தார், பி.சி.ஏ., எம்.சி.ஏ. முடித்தார். முப்பது ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தவருக்கு அது முடிந்தது. எட்டு மாதமோ ஒன்றரை ஆண்டோ இருந்துவிட்டு ஜாமீனில் போகும் பையனுக்கு அந்த அவகாசம் இல்லை. விசாரணைக் கைதி என்பதால் வேலை வாங்கமாட்டார்கள். பகல் முழுவதும் சும்மா இருக்கிறான். தேர்வுக்கு விண்ணப்பிக்கலாமென்றால் மாற்றுச் சான்றிதழ் வீட்டில் எங்கோ கிடக்கும். விண்ணப்பித்தாலும் தேர்வு நாளும் வாய்தாவும் ஒரே நாளில் வந்து நிற்கும். இல்லையென்றால் வேறு சிறைக்கு மாற்றிவிடுவார்கள். நடுவில் ஜாமீன் கிடைத்தால் படிப்பு அந்தரத்தில் நின்றுவிடும். வெறுமனே கிடக்கும் அந்தப் பகலில் அவனுக்குப் பாடம் நடத்த ஆள் இல்லாமலா போகும்? பக்கத்தில் இருக்கும் பழைய குற்றவாளி கட்டணம் இல்லாமலே நடத்துவான்.

ஆக, சிறையில் கல்வி அதிகம் என்பதல்ல பிரச்சினை; அவசரமாகத் தேவைப்படுகிறவனைத் தவிர்த்துவிட்டு அது நடக்கிறது என்பதே. உள்ளே வரும் நாளிலேயே எதுவரை படித்தான் என்று கேட்டுப் பதிய வேண்டும். பள்ளியிலிருந்து சான்றிதழ் வாங்கித் தருவது சிறை நிர்வாகத்தின் பொறுப்பாக வேண்டும். தேர்வு நாளில் வாய்தா இருந்தால் காணொலி வழியே முடிக்கலாம். அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஜாமீனில் போகிறவனின் பதிவை அவன் ஊர்ப் படிப்பு மையத்துக்கு மாற்றித் தரலாம். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியாத பெற்றோரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தைக் கைதியின் பாடப்புத்தகத்தின் மேல் திருப்பிவிட்டால், கட்டணத்தை ஏற்றியவர்கள்தான் நிம்மதியாகத் தூங்குவார்கள்.