லாரியின் முகமும் அகமும்

ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று நமது சங்கத்து லாரிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். இரு பக்கமும் வாழைக்கன்று கட்டுகிறோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அன்றைய தினங்கூட அதன் பானெட்டைத் திறந்து பார்ப்பவர் எவருமில்லை. திறந்தால் காண்பது என்ன? எண்ணெயும் செம்மண்ணும் பஞ்சுத் தூசியும் ஒன்றாய்க் கலந்து, விரற்கடை கனத்துக்கு இறுகிக் கிடக்கும் கறுப்புப் பிசுக்கே. எது இரும்பு, எது ரப்பர், எது ஒயர் என்று பிரித்தறிய இயலாதபடி அது எல்லாவற்றையும் மூடியிருக்கிறது. யந்திரத்தை வணங்குகிற நாம் யந்திரத்தைப் பார்க்காமலே வணங்கி வருகிறோம்.

பங்குனியில் கூடவிருக்கும் பொதுக்குழுவில் இந்த லாரியைக் குறித்து இரண்டு யோசனைகள் வரவிருக்கின்றன. எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது, வைத்துக்கொண்டால் நஷ்டமே, வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்பது ஒன்று. முகப்பைத் தட்டிச் சரிசெய்து, பளபளப்பாக வர்ணம் பூசி, சங்கத்தின் பெயரைப் பெரிதாக எழுதி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்பது மற்றொன்று. இரண்டையும் கொண்டுவரும் அங்கத்தினர்கள் சங்கத்தின் நன்மையைக் கருதியே பேசுகிறார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இரண்டு யோசனைகளுமே பார்க்காமல் சொல்லப்பட்டவை என்பது நமது அபிப்பிராயம். முதலில் எஞ்சின் அறையைச் சுத்தம் செய்து, துரு நீக்கி, வெளிர்நிற வர்ணம் பூசுவோம். அதன் பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்று தீர்மானிப்போம்.

இது சிறிய விஷயமன்று. நூல் சிப்பங்கள் வருவதும், நெய்த சேலைகள் கோ-ஆப்டெக்ஸ் கிடங்குக்குச் செல்வதும், மஞ்சளும் வாழைத்தாரும் சந்தைக்குப் போவதும் இந்த ஒரு வண்டியில்தான். இது இல்லாத நாட்களில் வாடகை வண்டிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் நெசவாளியின் கூலியிலிருந்தும் விவசாயியின் விளைபொருள் விலையிலிருந்துமே போகிறது. 1986-இல் சந்தைக்கு வந்த டாட்டா 407 வகையைச் சேர்ந்தது நமது வண்டி. மின்னணுக் கருவிகள் புகுந்திராத பழைய டீசல் எஞ்சின். இதன் உதிரிப் பாகங்கள் சிறு நகரங்களிலும் கிடைக்கின்றன; பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இத்தகைய வண்டியை அவசரப்பட்டு இழப்பது எளிது. திரும்பப் பெறுவது கடினம்.

அனுபவம் இல்லாமல் இதைச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நமது சங்கத்தில் ஒரு பழைய வேன் இருந்தது. அதன் எஞ்சின் முழுவதும் எண்ணெய் வழிந்திருந்தது. பழுது பார்க்க வந்தவர் எட்டிப் பார்த்ததுமே எஞ்சினை இறக்கிக் கட்ட வேண்டும் என்றார். நாமும் பயந்து, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டோம். வாங்கியவர் செய்தது யாதெனில், எஞ்சினைக் கழுவினார். எண்ணெய் வழிந்த இடம் மேல்மூடி என்று கண்டார். அதன் பேக்கிங்கை மட்டும் மாற்றினார். அந்த வேன் அதன்பின் நமது வீதி வழியாகவே பல காலம் வாழைத்தார் ஏற்றிச் சென்றதை நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏமாற்றியவர் ஒருவருமில்லை. அழுக்குத்தான் நம்மை ஏமாற்றிற்று.

பிசுக்கு செய்யும் தீமைகள் மூன்று. முதலாவது, கசிவை மறைக்கிறது. எண்ணெய் எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எந்த ஹோஸில் சொட்டுகிறது என்பது தெரியாமற் போகிறது. இரண்டாவது, போர்வைபோல் மூடி, சூடு வெளியேறுவதைத் தடுக்கிறது. ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் துருவாக்குகிறது. மூன்றாவது, தீக்கு இரையாகிறது. பாரம் இழுக்கும்போது எஞ்சினின் புகைக்குழாய் பல நூறு டிகிரி சூடேறும். அதன் அருகில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் தூசி இருப்பதும், தோல் உரிந்த ஒயர் ஒன்று அதில் உரசுவதும் எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிச் சரக்கு ஏற்றிய வண்டி நடுவழியில் தீப்பற்றினால் எரிவது லாரி மட்டுமன்று. பல குடும்பங்களின் மாதக் கணக்கான உழைப்பும் எரியும்.

நமக்கு இந்தப் பாடம் புதிதன்று. குழித்தறியில் உட்காரும் நெசவாளி, குழிக்குள் சேர்ந்த நூல் கழிவையும் தூசியையும் அகற்றாமல் மிதியில் கால் வைப்பதில்லை. பம்புசெட்டு வைத்திருக்கும் விவசாயி, புட்வால்வில் சேர்ந்த பாசியை எடுக்காமல் மோட்டார் பழுது என்று முடிவு கட்டுவதில்லை. தனக்குச் சொந்தமான கருவியில் காட்டும் இந்தக் கவனத்தை, எல்லோருக்கும் சொந்தமான கருவியில் காட்டத் தவறுகிறோம். இது டிரைவரின் வேலைதானே என்று சிலர் கேட்கலாம். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்பும் அவருக்கு, இந்த வேலைக்கென்று ஒரு நாளாவது வண்டியை நிறுத்தி வைத்துக் கொடுத்தோமா? அவர்மேல் பழி சுமத்துவது நியாயமாகாது.

வாட்டர் சர்வீஸுக்கு அனுப்பினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. அங்கே டீசலைப் பீய்ச்சி, பிறகு அழுத்தமான நீரை அடிப்பது பல இடங்களில் வழக்கம். டீசல் பிசுக்கைக் கரைக்கும் என்பது உண்மையே. ஆனால் அது ரேடியேட்டர் ஹோஸ்களின் ரப்பரை உப்பச் செய்து நலிவிக்கும். மேற்பரப்பில் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அதன்மேல் வர்ணம் பிடிக்காது. அழுத்தமான நீரோ டைனமோவிலும் செல்ப் மோட்டாரிலும் ஒயர் இணைப்புகளிலும் புகுந்து புதுப் பழுதை உண்டாக்கும். பழைய வண்டிக்கு ஏற்றது கைவேலையே. அதற்கு மாசி மாதம் உகந்தது. மழை இல்லை, ஆடிக் காற்றின் புழுதியும் இல்லை. இரண்டு நாள் கழுவுவதற்கும் உலர்த்துவதற்கும், இடையில் சில நாள் ஓட்டிப் பார்ப்பதற்கும், மூன்று நாள் வர்ணத்திற்கும் ஒதுக்கினால் வேலை முடியும்.

செய்யும் முறை இது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விடக்கூடும். பாட்டரியின் நெகடிவ் ஒயரை முதலில் கழற்றி, பாட்டரியை வெளியே எடுத்துவிட வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதே ஒயரைக் கடைசியில் மாட்ட வேண்டும். டைனமோ, செல்ப் மோட்டார், பியூஸ் பெட்டி, ஏர் பில்டரின் வாய், டீசல் பம்பு ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்ட வேண்டும். கட்டுவதற்குச் சங்கத்தில் கழிவு நூலுக்கா பஞ்சம்?

அடுத்து, நீர் விடுமுன்பே சுரண்ட வேண்டும். மரச் சில்லாலும் பட்டி பார்க்கும் தகட்டாலும் வழித்தால் பிசுக்கின் பெரும் பகுதி கட்டியாகவே வந்துவிடும். எஞ்சியதற்கு வெந்நீரில் சோப்புத் தூளும் சிறிது சலவைச் சோடாவும் கரைத்து, தேங்காய் நார்த் தூரிகையால் தேய்த்து, வாளி நீரால் அலச வேண்டும். பிடிவாதமான இடங்களில் மாத்திரம் துணியில் நனைத்த மண்ணெண்ணெய் உபயோகித்து, உடனே சோப்பு நீரால் கழுவலாம். அப்போது அருகில் பீடியோ விளக்கோ கூடாது. பெட்ரோலைத் தொடவே கூடாது. சாயப்பட்டறையில் இருக்கும் காஸ்டிக் சோடாவை ஊற்றினால் எளிதாயிற்றே என்று நமது நெசவாளர்களுக்குத் தோன்றும். அது அலுமினியத்தை அரித்துவிடும். டைனமோவின் கூடும் வேறு சில உறைகளும் அலுமினிய வார்ப்புகளே. சலவைச் சோடா நீரையுங்கூட அவற்றின்மேல் நிற்க விடாமல் உடனே அலச வேண்டும்.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நொய்யலாற்றைச் சாயக் கழிவு எந்நிலைக்குக் கொண்டுவந்தது என்பதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நெசவாளரும் விவசாயியும் மறந்திருக்க முடியாது. ஆதலால் வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் தொலைவில், தரையில் தார்ப்பாய் விரித்து, ஓரத்தில் மண் அணை கட்டி, மரத்தூள் கொட்டி எண்ணெயை உறிஞ்ச வைக்க வேண்டும். பழைய எஞ்சின் எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. அதை டின்னில் அடைத்து, அங்கீகாரம் பெற்ற சுத்திகரிப்போருக்குச் செல்லும்படி ஏற்பாடு செய்வதே முறை.

வண்டி உலர்ந்தபின் பாட்டரியைப் பூட்டி எஞ்சினை ஓட விட்டு, மெக்கானிக் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். எண்ணெய் தலைகாட்டும் இடங்களில் சாக்கட்டியால் குறியிட வேண்டும். மெல்லக் கசியும் இடம் உடனே தெரியாது. ஆதலால் சில நாள் வண்டியை வேலைக்கு அனுப்பி, மாலைதோறும் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். இந்தக் குறிகளே நமது லாரியின் உண்மையான வைத்தியச் சீட்டு. பேக்கிங், ஹோஸ், ஆயில் சீல், ஒயர் ஆகிய சில்லறைப் பழுதுகளை இப்போதே நீக்கிவிட வேண்டும். கசிவின்மேல் வர்ணம் பூசுவது புண்ணின்மேல் சந்தனம் பூசுவதற்கு ஒப்பாகும்.

துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத் தாளாலும் நீக்கலாம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உலர வைத்துத் தேய்க்காமல் நீர் விட்டுத் தேய்ப்பதும், முகத்துக்குக் கவசம் கட்டுவதும் நல்லது. உலர்ந்ததும், இரும்பு வெளிப்பட்ட இடங்களில் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை. ஓர் இரவு விட்டு, வெளிர் சாம்பல் நிற எனாமல் மெல்லியதாக ஒரு கை. மறுநாள் இன்னொரு கை. இதற்கு ஸ்பிரே யந்திரம் தேவையில்லை. இரண்டங்குலத் தூரிகை போதும். ஒரு லிட்டர் பிரைமர், ஒரு லிட்டர் எனாமல், கொஞ்சம் டர்பன்டைன், உப்புத் தாள், தூரிகை, சோப்புத் தூள்: இவ்வளவே வர்ண வேலைக்கான சாமான். மெக்கானிக்கின் கூலி தனி. உடல் உழைப்பு அங்கத்தினருடையது.

வர்ணம் படக்கூடாத இடங்களும் உண்டு. புகைக்குழாயில் சாதாரண எனாமல் கருகிப் புகையும். அதை அப்படியே விடலாம். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் பூசினால் சூடு வெளியேறுவது குறையும். ரப்பர், பெல்ட், ஒயர், எர்த் ஒயர் பூட்டும் இடம், கிரீஸ் நிப்பிள் ஆகியவற்றுக்குச் செய்தித்தாள் சுற்றிவிட வேண்டும். முக்கியமாக, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வர்ணத்தால் மறைந்துவிடக்கூடாது. எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வாகனம் ஆண்டுதோறும் எப்.சி.க்குச் செல்ல வேண்டும். அங்கே அந்த எண்களையும் பார்ப்பார்கள். மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. எனாமலும் எண்ணெயும் துடைத்த பஞ்சைக் குவியலாகப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். நூல் கிடங்குப் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. தண்ணீர் வாளியில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

கழுவினால் போதாதா, வர்ணம் எதற்கு என்று சிக்கனம் கருதும் அங்கத்தினர் கேட்பார்கள். வர்ணம் துருவைத் தடுக்கும் என்பது ஒரு காரணம். அதனினும் முக்கியமானது, வெளிர்நிறம் சாட்சி சொல்லும் என்பது. சாம்பல் நிறத் தகட்டில் ஒரு துளி எண்ணெய் விழுந்தாலும் மறுநாள் காலை டிரைவர் காண்பார். பிரேக் ஆயில் கசிந்தால் அது பட்ட இடத்தில் வர்ணமே உப்பி உரியும். பிரேக் பொய்த்துப் போகுமுன்பே எச்சரிக்கை கிடைக்கும். முகப்புக்குப் பூசும் வர்ணம் பிறர் பார்ப்பதற்கு. உள்ளே பூசும் வர்ணம் நாம் பார்ப்பதற்கு.

இவ்வளவும் செய்தபின், எஞ்சினே தேய்ந்துவிட்டது என்று தெரிந்தால் விற்பதற்கு நாமும் கைதூக்குவோம். அப்போதும் நஷ்டமில்லை, பழுது இன்னதென்று அறிந்து விற்பவனுக்குத் தகுந்த விலை கேட்கும் தைரியம் இருக்கும். பேக்கிங்கோடு போகும் பழுதானால், ஒரு லாரியைக் காப்பாற்றியவர்களாவோம். எப்படியாயினும் கண்ணால் கண்டு தீர்மானிப்போம்.

கணக்குப் புத்தகத்தை ஆண்டுக்கொருமுறை தணிக்கை செய்ய ஒப்புக்கொடுக்கிறோம். மறைவான செலவு இருக்கலாகாது என்பதே அதன் நோக்கம். சங்கத்தின் யந்திரத்துக்கும் அத்தகைய தணிக்கை வேண்டும். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தறிக்குப் பத்து நிமிஷமும் தோட்டத்துக்குப் பத்து நிமிஷமும் ஓய்வு கொடுத்துவிட்டு வர இயலாதவர்களும் இருப்பார்கள். இயன்றவர்கள் நாலைந்து பேர் வந்தாலே போதும். நிர்வாகக் குழுவினர் அந்த நாளைக் குறித்து அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பொதுக்குழு கூடும்போது லாரியைச் சங்கக் கட்டடத்தின் முன் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைப்போம். அங்கத்தினர் ஒவ்வொருவரும் எட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு உள்ளே வந்து தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லட்டும்.