'10 சதவீத வட்டி' 17 சதவீதம் ஆவது எப்படி? கார் கடனில் ஒளிந்திருக்கும் கணக்கு

கால் டாக்சி ஓட்டிப் பிழைக்கலாம் என்று புது கார் வாங்கப் போகிறவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு டியூ கட்ட முடியும்?" என்பதுதான். சிக்கலும் அங்கேதான் ஆரம்பம்.

ரூ.5 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருடம் என்று வைத்துக்கொள்வோம். 'பிளாட்' வட்டி என்றால் டியூ ரூ.12,500. மொத்த வட்டி ரூ.2.5 லட்சம். அதே 10 சதவீதம் குறையும் வட்டி என்றால் டியூ ரூ.10,624தான். வட்டி சுமார் ரூ.1.37 லட்சம்.

காரணம், பிளாட் வட்டியில் பாதி அசலை அடைத்த பிறகும் முழு 5 லட்சத்துக்கே வட்டி போடுவாங்க. கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி 17 சதவீதத்தை தாண்டுகிறது.

இதற்குத்தான் ரிசர்வ் வங்கி, 2024 அக்டோபர் 1 முதல் கடனின் முக்கிய விவரத் தாளை கட்டாயமாக்கியது. எல்லா கட்டணமும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்பது அதில் இருக்கும். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். யோசிக்க குறைந்தது 3 வேலை நாள் அவகாசமும் உண்டு.

பேரம் பேச வேண்டியது அந்த சதவீதத்தைத்தான். டியூவை மட்டும் குறைக்கச் சொன்னால் வருடத்தை நீட்டிவிடுவாங்க; மொத்த வட்டி ஏறிவிடும். இரண்டு இடத்தில் தாளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடணும். போட்ட பிறகு புலம்பி பிரயோஜனம் இல்லை.