பாய்லர் ஒண்ணும் வளர்ற புள்ளை இல்லைங்க!

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு நினைச்சிருப்பீங்க. அதில்ல. ஜனவரிக் குளிர்ல வீட்டு பாய்லர் மண்டையப் போட்டுருச்சு. எட்டு மாசக் குழந்தைக்குக் கெட்டில்ல வெந்நீர் வச்சுக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தோம்.

லண்டன் க்ராய்டன்ல ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், ஒரே பாத்ரூம். இருந்தது காம்பி பாய்லர். டேங்க் கிடையாது. குழாயைத் திறந்தா அந்த நிமிஷமே கேஸ்ல தண்ணியைச் சுட வைக்கும். அதே பெட்டிதான் ரேடியேட்டருக்கும் சூடு குடுக்கும்.

பார்க்க வந்த ஃபிட்டர் ஒரு குழாயைக்கூடத் திறந்து பார்க்கல. "35 கிலோவாட் போட்டுருங்க, பெருசா இருந்தா கவலையில்ல" என்றார். நண்பனுக்கு போன் பண்ணினா அவனும் அதேதான்: "எதுக்கும் பெருசாவே போட்டுரு மச்சி."

இந்த 'எதுக்கும் பெருசா' மேலதான் எனக்குக் கோபம். வளர்ற புள்ளைன்னு ரெண்டு சைஸ் பெரிய யூனிஃபார்ம் எடுத்துக் குடுத்தாங்க அம்மா. நானாவது வளர்ந்தேன். பாய்லர் மாட்டின ஃப்ளாட் வளருமா?

சரி, கணக்குக்கு வருவோம். குளிர்காலத்துல 5 டிகிரில வர்ற தண்ணியை 40 டிகிரிக்குக் கொண்டு போகணும். 24 கிலோவாட் பாய்லர் இதை நிமிஷத்துக்குச் சுமார் 10 லிட்டர் செய்யும். 35 கிலோவாட்னா சுமார் 14 லிட்டர். ஒரு ஷவருக்கு 10 லிட்டர் தாராளம். அதோட, சமையலறைக் குழாயை முழுசாத் திறந்து 10 லிட்டர் வாளியை வச்சுப் பார்த்தேன். நிரம்ப 55 செகண்ட் ஆச்சு. அதாவது தெருக்குழாய் குடுக்கிறதே நிமிஷத்துக்கு 11 லிட்டர்தான். வராத தண்ணியைச் சுட வைக்க எதுக்கு 35 கிலோவாட்?

அடுத்தது ரேடியேட்டர். மேலயும் கீழயும் ஆள் குடியிருக்கிற ஃப்ளாட். சுவர், ஜன்னல் எல்லாம் அளந்து கணக்குப் போட்டா, கடுங்குளிர்லயும் 4 கிலோவாட் போதும். அவர் சொன்ன 35 கிலோவாட் மாடல் எவ்வளவு குறைச்சாலும் 7 கிலோவாட்டுக்குக் கீழ இறங்காது. அப்புறம் எரியும், அணையும், எரியும், அணையும். கேஸும் வீண், மெஷினும் சீக்கிரம் தேயும்.

"ஹீட்டிங்கைக் குறைச்சு செட் பண்ணிக்கலாமே?"ன்னு கேட்பீங்க. குறைக்கிறது உச்ச அளவைத்தான். அடிமட்ட அளவு இறங்காது. அதனால கடையில கேட்க வேண்டிய முதல் கேள்வியே, "குறைஞ்சது எவ்வளவு வரைக்கும் இறங்கும்?"

பெருசே வேண்டாம்னு சொல்ல வரல. ரெண்டு பாத்ரூம், ஒரே நேரத்துல ரெண்டு ஷவர், குழாய்லயும் அவ்வளவு தண்ணி வருதுன்னா பெருசு வாங்குங்க, நியாயம். ஆனா அளந்துட்டு வாங்குங்க.

கடைசில 3 கிலோவாட் வரை இறங்குற 24 கிலோவாட் பாய்லரை வேற ஃபிட்டரை வச்சு மாட்டினேன். 300 பவுண்டு மிச்சம். குழந்தை இப்போ டப்பில தண்ணியடிச்சு விளையாடுறா.

ஃபிட்டர் மேலகூட எனக்குப் பெரிய கோபமில்ல. சின்னதாப் போட்டுத் தண்ணி ஆறிப் போனா திட்டு அவருக்கு. பெருசாப் போட்டா கேஸ் பில் நமக்கு. அவர் பயத்துக்கு நாம காசு கட்டுறோம். கோபம் நம்மாளுங்க மேலதான். ஆபீஸ்ல ஒரு சர்வர் கூடுதலாக் கேட்டா பத்து ஸ்லைடு காட்டச் சொல்றோம். வீட்டுல ரெண்டாயிரம் பவுண்டுக்கு மேல போற சாமானுக்கு ஒரு வாளித் தண்ணி பிடிச்சுப் பார்க்க மாட்டோமா?

டிஸ்கி: கணக்கு மட்டும் நீங்க போடுங்க. மாட்டுற வேலை கேஸ் சேஃப் பதிவு உள்ளவருக்குத்தான். இங்க அதுதான் சட்டம். எஞ்சினியரிங் படிச்சிருக்கோம்னு ஸ்பேனரைத் தூக்கிடாதீங்க :-)