தோட்டத்து மருந்தாளர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

மலைநாட்டுத் தோட்டங்களிலே மருந்து கொடுப்பவரை நம் மக்கள் 'டாக்டர் ஐயா' என்றே அழைத்து வந்துள்ளனர். அவர் டாக்டர் அல்லர் என்பது அழைப்பவருக்கும் தெரியும், அழைக்கப்படுபவருக்கும் தெரியும். டிஸ்பென்சர் என்றும், தோட்ட வைத்திய உதவியாளர் என்றும் காலத்துக்குக் காலம் பதவிப்பெயர் மாறியதே தவிர, பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலைச் சாரலிலும் நோயுற்ற தொழிலாளி முதலிற் கண்ட முகம் அவர் முகமே. பலருக்கு அதுவே இறுதியாகக் கண்ட வைத்திய முகமும் ஆயிற்று. ஆதலின் அம்மனிதரைப் பற்றியும், அவர் தொழிலின் தர்மத்தைப் பற்றியும், அத்தர்மத்தைக் காக்கவொட்டாது தடுக்கும் ஏற்பாட்டைப் பற்றியும் இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

மருந்து கொடுப்பது சில்லறை வேலை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. வைத்தியர் நோயை அறிகிறார். மற்றவர் அலுமாரியைத் திறந்து குளிசையை எண்ணிக் கொடுக்கிறார். இதிலென்ன மகிமை என்பர். வள்ளுவப் பெருந்தகை அவ்வாறு எண்ணினாரில்லை. நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து அம்மருந்தைத் தருபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என வகுத்தார். நான்காமவர் பிழைத்தால் முதல் மூன்றும் பயனற்றுப் போகும். மருந்தாளர் என்பவர், வைத்தியர் எழுதிய அளவு குழந்தையின் நிறைக்கு ஏற்றதா என்று நிறுத்திப் பார்ப்பவர். ஒரு மருந்து மற்றொன்றுடன் மோதுமா என்று சிந்திப்பவர். கெட்டுப்போன மருந்தைக் கொடேன் என்று மறுக்கும் துணிவுடையவர். எப்போது, எப்படி, எத்தனை நாள் உண்ணவேண்டும் என்பதை நோயாளிக்கு விளங்கும் மொழியிலே சொல்பவர். இத்தனையும் செய்ய ஒருவருக்குக் கல்வி வேண்டும். கல்வியினும் முதலாவதாக வேண்டுவது, நோயாளி ஒருவருக்கே தாம் கடமைப்பட்டவர் என்ற சுதந்திரம்.

அந்தச் சுதந்திரம் தோட்டத்திலே என்றேனும் இருந்ததா? சட்டத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

கோப்பிக் காலத்திலே, 1872 ஆம் ஆண்டிலே, பிரித்தானிய அரசு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தை இயற்றிற்று. கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் அது திருத்தப்பட்டது. 1912 இல் மீண்டும் புதிதாக எழுதப்பட்டது. தோட்டத்திலே நோய் கண்டால் அதனை அறிந்து ஆவன செய்யவேண்டியவர் தோட்டத்துரை. கடும் நோயாயின் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைக்கவேண்டியவரும் அவரே. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் தரவேண்டியவரும் அவரே. அக்கால நிலையிலே இது ஒரு பாதுகாப்புத்தான், நாம் மறுக்கவில்லை. ஆயின் அச்சட்டத்தின் நெஞ்சு எங்கே இருந்தது என்பதைக் கவனியுங்கள். தொழிலாளியின் உடம்பு முதலாளியின் பொறுப்பிலே விடப்பட்டது. நாட்டிலே மற்றவர்க்கு வைத்தியம் அரசின் கடமையாக வளர்ந்துவந்த நூறு ஆண்டுகளில், தோட்டத் தமிழனுக்கு மட்டும் அது எசமானின் பராமரிப்பாகவே நின்றது. மாட்டுக்குக் கொட்டகையும் மருந்தும் தருவது போன்ற பராமரிப்பு!

இந்த ஏற்பாட்டிலே டிஸ்பென்சர் எங்கே நின்றார்? துரையின் சம்பளப் பட்டியலிலே நின்றார். காலையிற் பெரட்டுக்களத்துக்குப் போகாது டிஸ்பென்சரி வாசலிலே வந்து நிற்கும் பெண்ணை அவர் பார்க்கிறார். ஒரே பார்வையில் அவர் இரண்டு தீர்ப்புச் சொல்லவேண்டும். ஒன்று, இவளுக்கு என்ன நோய் என்பது. மற்றொன்று, இவள் இன்று மலைக்குப் போகலாமா என்பது. முதலாவது தீர்ப்பு நோயாளிக்கு உரியது. இரண்டாவது தீர்ப்பைக் காத்திருப்பவர் துரை. கொழுந்து மிகுந்த காலத்திலே, ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே நல்ல விலை கிடைக்கும் அந்தக் காற்றடி மாதங்களிலே, இரண்டாவது தீர்ப்பு முதலாவதை விழுங்கிவிடுவது வியப்பன்று. எதிரியிடம் ஊதியம் பெற்றுக்கொண்டு நம் கட்சிக்காரருக்காக வாதாட நாம் புகுந்தால் நீதிமன்றம் எம்மை விட்டுவைக்குமா? வழக்கறிஞர் தொழிலிலே குற்றமெனக் கருதப்படும் ஒன்று, தோட்டத்து வைத்தியத்திலே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நியமன ஒழுங்காகவே இருந்து வந்தது.

இதனால் டிஸ்பென்சர்கள் எல்லோரும் கொடியோர் என்று நாம் கூறியதாக எவரும் கொள்ளவேண்டா. இரவு நேரத்திலே, மழையிலே, டோர்ச் விளக்கோடு லயத்துக்கு நடந்து வந்து பிரசவம் பார்த்தவர்களை நாம் அறிவோம். துரையின் முகம் சுளித்தாலும் மூன்று நாள் ஓய்வெழுதிக் கொடுத்தவர்களையும் அறிவோம். அவர்கள் தம் தொழிலின் மானத்தைத் தம் சொந்த நெஞ்சுரத்தாற் காத்தனர். ஏற்பாட்டின் துணையால் அன்று. நல்லவர் ஒருவர் வந்தால் நலம், அல்லாதவர் வந்தால் விதி என்று நூற்றுக்கணக்கான குடும்பங்களை விட்டுவைப்பதை ஒரு சுகாதாரக் கொள்கை என்று அழைக்க எமக்கு நாக்கூசுகிறது.

ஊவாவின் பெயரைச் சொல்லும்போது மருந்துத் துறையிலே மறக்கவொண்ணாத ஒருவரைச் சொல்லாமற் போகமுடியாது. ஊவாவின் பழங்குடும்பமொன்றின் வழிவந்தவர், பிபிலை என்னும் ஊர்ப்பெயரையே தம் பெயராகக் கொண்டவர், பேராசிரியர் சேனக பிபிலே. இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியர் அவரே. சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த அவரும், கம்யூனிஸ்ட் தலைவர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்காவும் 1971 இல் சமர்ப்பித்த அறிக்கையின் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. பிபிலே அதன் முதற்றலைவரானார். ஒரே மருந்தை இருபது வியாபாரப் பெயர்களில் இருபது விலைக்கு விற்கும் கொள்ளையை அவர் தடுக்க முனைந்தார். மருந்தை அதன் மூலப்பெயரால் எழுதுக, நாட்டுக்குத் தேவையானதை மட்டும் மொத்தமாகவும் மலிவாகவும் வாங்குக என்பன அவர் நெறிகள். 1974 இல் கொலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கிய டெட்ராசைக்கிளின் மூலப்பொருளை மாத்திரையாக்கித் தர ஃபைசர் கம்பனி இணங்கவில்லை என்பதையும், அக்கம்பனியை அரசுடைமையாக்கும் பேச்சு எழுந்தபோது அமெரிக்கத் தூதுவரே தலையிட்டார் என்பதையும், சஞ்சய லால் என்னும் பொருளியலறிஞரோடு சேர்ந்து பிபிலே எழுதிய கட்டுரை பதிவு செய்திருக்கிறது. 1977 இல் ஐக்கிய நாடுகள் பணியின்பொருட்டுச் சென்ற இடத்தில், கயானாவிலே, அவர் காலமானார். அவ்வாண்டிலேதான் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற்பட்டியலை வெளியிட்டது.

அப்பெரியாரை நாம் வணங்குகிறோம். வணங்கிக்கொண்டே ஒன்றைச் சொல்லவும் வேண்டும். கொழும்புத் துறைமுகத்தில் மலிவாக இறங்கிய மருந்து, பதுளை வரை ரயிலேறி வந்தது. பதுளையிலிருந்து லயம் வரையுள்ள கடைசி ஆறு மைலை அதனாற் கடக்க முடியவில்லை. கூட்டுத்தாபனம் சாதனை புரிந்த அதே 1973, 1974 ஆம் ஆண்டுகளிலேதான் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட மக்களுக்கு, மருந்து விலை குறைந்ததால் மட்டும் என்ன வந்தது? வாக்கில்லாதவனின் காய்ச்சல் எந்த அமைச்சரின் உறக்கத்தையும் கெடுப்பதில்லை.

இன்று அந்நிலை மாறிவிட்டது என்பர். சட்டப்படி மாறியிருக்கிறது, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றோர் என்ற நிலைக்கு முடிவு வந்தது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்திற்குப் போயின. தோட்ட வைத்தியசாலைகளிற் சில அரசின் சுகாதார சேவைக்குள் வந்தன. ஏனையவை தோட்ட நிர்வாகத்தின் நிழலிலேயே தொடர்ந்தன. 2015 ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின்படி பதுளைக் கடைத்தெருவிலே மருந்துக்கடை நடத்துவோருக்கு உரிமம் வேண்டும், தகுதிபெற்ற மருந்தாளர் வேண்டும். நல்லது. அதே கண்டிப்போடு ஒவ்வொரு தோட்டத்து டிஸ்பென்சரியின் அலுமாரியும் பார்க்கப்படுகிறதா? பார்க்கப்படுகிறதெனில் அவ்வறிக்கைகளை மக்கள் முன் வைப்பதில் தடை என்ன?

2020 இல் கொரோனா ஊரடங்கின்போது, கிளினிக் நோயாளருக்கு மாத மருந்தைத் தபால் மூலம் வீட்டுக்கே அனுப்ப அரசாங்கம் ஏற்பாடு செய்தது. போற்றத்தக்க ஏற்பாடு! ஆனால் லயத்துக்கு ஏது முகவரி? வீட்டிலக்கமின்றி, தெருப்பெயரின்றி, தோட்டக் காரியாலயத்தின் பெயராலேயே தலைமுறைகளாகக் கடிதம் பெற்றுவரும் மக்கள் நம் மக்கள். காரியாலயத்திலே கடிதம் கிடந்து காலங்கடந்ததால் வழக்குத் தவணையைத் தவறவிட்ட கட்சிக்காரர்களை நாம் கண்டிருக்கிறோம். வழக்குக்கு மறுதவணை உண்டு. சர்க்கரை நோய்க்கு உண்டா?

மொழிக்கு வருவோம். நட்டஈட்டு வழக்கொன்றின்பொருட்டு எமது அலுவலகத்துக்கு வந்த மூதாட்டி ஒருவர், சேலைத் தலைப்பிலே முடிந்திருந்த மூன்று பொட்டலங்களை அவிழ்த்து மேசைமேல் வைத்து, "ஐயா, இதுல பிரஷருக்கு எது, சீனிக்கு எது? வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். பொட்டலங்களின் மேலே ஆங்கில எழுத்திலே இலத்தீன் சுருக்கக் குறிகள். ரோமன் டச்சுச் சட்டத்தின் இலத்தீனைப் படித்துத் தேறிய எமக்கு இந்த இலத்தீன் பிடிபடவில்லை. கொடுத்த இடத்திலே வாய்மொழியாகச் சொன்னார்களாம், சிங்களத்திலே சொன்னார்களாம், பின்னால் நீண்ட வரிசை நின்றதாம். அவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். சொன்னவரை நாம் பழிக்கவில்லை. அவருக்குத் தமிழ் கற்பிக்காத அரசையே கேட்கிறோம். 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கிற்று. பதுளை மாவட்டத்துப் பிரதேச செயலாளர் பிரிவுகள் பல இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டவை. மரணச் சான்றிதழைத் தமிழிலே பெறும் உரிமை உண்டு. மரணத்தைத் தவிர்க்கும் பொட்டலத்திலே 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று தமிழிலே அச்சடிப்பதற்கு எந்தச் சட்டம் தடை?

தோட்ட வைத்தியம் முழுவதையும் அரசு ஏற்கவேண்டும் என்று நாம் கூறும்போது எதிர்வாதம் ஒன்று எழுகிறது. அரசு ஏற்றால் சிறிய டிஸ்பென்சரிகள் மூடப்படும். இருக்கிற மருந்தும் தூரமாகும். பட்டினத்துக்குப் போய்வர ஒரு நாட் பேர் போய்விடும் என்பர். இவ்வாதத்திலே நியாயம் இல்லாமலில்லை. பேர் இழந்து, பஸ் கூலி கொடுத்து, மருந்துத் தண்ணீருக்குப் போத்தலையும் தாமே கொண்டுபோகும் மக்களுக்கு 'இலவச வைத்தியம்' எவ்வளவு விலையானது என்பதை அரசு அறியவேண்டும். ஆதலின் கட்டடத்தைக் கைமாற்றுவதோடு நாம் திருப்தியடையோம். டிஸ்பென்சரி தோட்டத்திலேயே இருக்கட்டும். அதில் இருப்பவரின் சம்பளமும் நியமனமும் இடமாற்றமும் சுகாதாரத் திணைக்களத்தின் கையில் இருக்கட்டும். ஓய்வுச் சீட்டெழுதும் பேனா துரையின் பையிலிருந்து வெளியே வரட்டும்.

அந்தப் பதவிகளுக்கு நம் பிள்ளைகளே வரவேண்டும் என்பதும் எமது அவா. யாழ்ப்பாணம், பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களிலே மருந்தகவியற் பட்டப்படிப்பு உண்டு. ஊவாத் தோட்டப் பாடசாலைகள் எத்தனையில் உயர்தர விஞ்ஞான வகுப்பு உண்டு என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கையின் விரல்களே மிச்சமாகும் என அஞ்சுகிறோம். விஞ்ஞான ஆசிரியரில்லாத மலையிலே மருந்தாளர் எங்கிருந்து முளைப்பார்? மேடைதோறும் சம்பளத்தைப் பேசும் தொழிற்சங்கப் பெருமக்கள் இதையும் ஒருமுறை பேசினால் என்ன?

மாகாணச் சுகாதாரம் மாகாண சபையின் பொறுப்பு. ஊவா மாகாண சபையின் பதவிக்காலமோ 2019 இல் முடிந்து, அதன்பின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. ஆகவே மனுவை ஆளுநருக்கும் சுகாதார அமைச்சுக்கும் ஒருங்கே அனுப்பவிருக்கிறோம். அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை கூறும் சமத்துவத்தை அடிப்படையாகக் கொண்டு, தேவைப்படின் உயர் நீதிமன்றத்துக்கும் செல்வோம். வழக்குக்குச் சான்று வேண்டும். ஹாலி-எல, பசறை, லுணுகலை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, பண்டாரவளைப் பகுதித் தோழர்கள், தத்தம் தோட்டத்து டிஸ்பென்சரி வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது, மருந்து கொடுப்பவரின் தகுதி என்ன, ஓய்வுச் சீட்டை யார் எழுதுகிறார் என்ற மூன்றுக்கும் விடையை எழுதி, தோட்டக் கமிட்டித் தலைவரின் கையொப்பத்துடன் எமக்கு அனுப்புக. வெறுமையான மருந்துப் பொட்டலங்கள் கிடைத்தால் அவற்றையும் தேதி குறித்து உடன் இணைக்குக.