திருச்சிக்கு அருகே யாழ்ப்பாணம்!

திருச்சி விமான நிலையத்திலிருந்து சென்னை, வான்வழியே ஏறத்தாழ 290 கிலோ மீட்டர். அதே நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலியோ ஏறத்தாழ 185 கிலோ மீட்டர்தான்! தலைநகரினும் அண்மையில் கிடக்கிறது யாழ் மண். இடையே கடல் இருப்பதால் தொலைவென்று எண்ணிப் பழகிவிட்டோம், தோழர்களே! நிலப்படத்தை விரித்து அளவுகோலை வைத்துப் பாருங்கள். அந்த எண்ணம் பொய்யென்று புரியும்.

இவ்விரு நிலையங்களுக்கிடையே 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் பறக்கத் தொடங்கியது. பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி என்றனர். மணிக்கு 500 கிலோ மீட்டர் செல்ல வல்ல விமானத்துக்கு இந்தச் சிறு தொலைவைக் கடக்க ஒரு மணியா என்று கணக்குப்பிள்ளை கேட்பார். கேட்கட்டும்! தரையில் ஊர்ந்து ஓடுபாதை சேர்வதும், மேலெழுவதும், எழுந்த சற்றைக்கெல்லாம் இறங்கத் தொடங்குவதும், தரை தொட்டு வந்து நிற்பதும் அந்த ஒரு மணிக்குள் அடக்கம். முழு வேகத்தில் பறப்பது சில நிமிடங்களே. அதில் குறை காண்பதற்கில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ் மண்ணில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. அன்றே திறந்த வழி அது! பின்னர் என்ன நேர்ந்தது? 1983-இல் போர் மூண்டது. பலாலி படைத்தளமாயிற்று. போர் 2009-இல் முடிந்தது, வழி திறந்ததா? 2019 அக்டோபர் 17 வரை திறக்கவில்லை. திறந்த சில திங்களில் கொள்ளைநோய் வந்து மூடியது. சென்னை விமானம் மீண்டது 2022 டிசம்பர் 12-இல்.

அதுவரை யாழ்ப்பாணத்தான் திருச்சிக்கு வருவதெப்படி? தெற்கே ஏறத்தாழ 400 கிலோ மீட்டர் தரைவழியே ஓடிக் கட்டுநாயக்கா சேர வேண்டும். அங்கிருந்து 400 கிலோ மீட்டருக்கு மேல் வடமேற்கே பறக்க வேண்டும். 185 எங்கே? 800 எங்கே? தலையைச் சுற்றி மூக்கைத் தொடச் சொன்னது கடலா? காற்றா? கொழும்பிலும் டெல்லியிலும் அமர்ந்திருந்த அரசுகள் அல்லவா?

இன்னும் ஒன்று. எழுபது சொச்சம் பேர் ஏறும் சிறு விமானத்தோடு இந்த வழி நின்றுவிடலாகாது. பெரிய விமானம் இறங்க நீண்ட ஓடுபாதை வேண்டும். வேண்டும்தான்! ஆனால் அதைச் சுற்றிக் கிடப்பது தரிசன்று; வெங்காயமும் புகையிலையும் விளைந்த வலிகாமத்துச் செம்மண். 1990-இல் அங்கிருந்து விரட்டப்பட்ட உழவர்களில் பலர் இன்னும் தம் வரப்பை மிதிக்கவில்லை. பாதையை நீட்டுமுன், எவர் காணி, எத்தனை பரப்பு, எப்போது திருப்பித் தரப்படும், எடுத்தால் என்ன ஈடு என்பதைக் கொழும்பு அரசு அந்த உழவர்களிடம் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும்.